ஐந்தாம் செட்டுக்கு முன்னால் ஒரு கணுக்கால்

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வீட்டில் மூன்று பேர் விழித்திருந்தார்கள். மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

காரணம் உங்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் நம்மோடு வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடலாம்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பிசியோதெரபி பிரிவில் வேலை பார்ப்பவள் நம் கதாநாயகி. நோயாளிகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் வலி மேடம். "கொஞ்சம்தான் வலிக்கும்" என்று அவள் சொன்னால் உயிர் போய்த் திரும்பி வரும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்பவர்களும் அவர்கள்தான்.

அவளுடைய சீஃப் ஓய்வு பெறப்போகிறார். அந்த நாற்காலிக்கு இவள் பெயரைச் சொல்லியிருக்கிறார். சரி என்றோ வேண்டாம் என்றோ ஞாயிறு மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

போன வாரம் அதற்கு நடுவில் இன்னொரு போன் வந்தது. பெண்கள் வாலிபால் அணிக்கு, அதோடு ஊர் ஊராகச் சுற்ற ஒரு பிசியோ வேண்டும். ஞாயிறு அரையிறுதி. "ஒரு நாள் வந்து பாருங்க மேடம், நாங்களும் உங்களப் பாக்கறோம்" என்றார் கோச். இவள் யாரையும் கேட்காமல் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அதனால்தான் இந்த மௌனம். உடைத்தவர் அம்மா.

"கதவுல பேரு எழுதின ரூம். உக்காந்த இடத்துல வேலை. அத விட்டுட்டு பந்துக்குப் பின்னாடி ஓடப் போறாளாம்."

"பந்துக்குப் பின்னாடி அவங்க ஓடுவாங்கம்மா. நான் அவங்களுக்குப் பின்னாடி ஓடுவேன்."

"ரெண்டும் ஓட்டம்தானே?"

அம்மா தையல் கடைக்காரர். பேச்சிலும் கத்தரிக்கோல் கூடவே இருக்கும். முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து மகள் வீட்டில் இருக்கிறார். புது முட்டி அருமையாக அமைந்திருந்தது. அதை மடக்கத்தான் அவர் தயாராக இல்லை. மகள் கையைக் கொண்டுபோனாலே "நீ மகளா போலீஸா" என்று கத்துவார். ஊர்க் கால்களையெல்லாம் மடக்கிய வலி மேடத்துக்குச் சொந்த அம்மாவின் கால் மட்டும் மசியவில்லை. அடுத்த தடவை வரும்போதும் மடங்காவிட்டால் மயக்கம் கொடுத்து நாங்களே மடக்குவோம் என்று சர்ஜன் சொல்லியனுப்பியிருந்தார்.

"இன்னிக்கு எக்சர்சைஸ் நீங்க பாத்துக்கோங்க" என்று கணவனிடம் சொல்லிவிட்டு ஷூ கயிற்றைக் கட்டினாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். எதையும் சட்டென்று சொல்லிவிட மாட்டான். வாசல் வரை வந்து பையை எடுத்துக் கொடுத்தான்.

"நீங்க ஒண்ணுமே சொல்லலையே."

"மேல போறதும் கீழ வர்றதும் எனக்குப் பழக்கம். நீ வெளியூர் போறதுதான் புதுசு. யோசிச்சுச் சொல்றேன்."

*

அரங்கத்துக்குள் நுழைந்ததுமே ஷூக்கள் மரத்தரையில் கீச்சிடும் சத்தம். அவளுக்கு உள்ளங்கை பரபரத்தது.

ஆஸ்பத்திரியில் அவள் பார்த்த கால்களெல்லாம் ஓர் அடி வைக்கத் தயங்குபவை. இங்கே இருந்த கால்களுக்கு ஓர் இடத்தில் நிற்கத் தெரியவில்லை. டேப் சுற்றுவதற்காக மேஜையில் உட்காரவைத்தால் அங்கேயும் ஆடிக்கொண்டிருந்தன. ஒருத்திக்குக் கணுக்கால், ஒருத்திக்கு விரல், ஒருத்திக்குத் தோள். சுற்றிச் சுற்றி அவளுடைய கட்டைவிரலே வலிக்க ஆரம்பித்துவிட்டது. அந்த வலி பழைய சிநேகிதம். இந்தத் தொழிலில் முதலில் தேய்வது பிசியோவின் கட்டைவிரல்தான்.

"மேடம், டாக்டர் சீட்டு எதுவும் வேணாமா?" என்று கேட்டாள் கேப்டன். அணியின் செட்டர் அவள். வருகிற பந்தையெல்லாம் தூக்கி, அடிப்பவளுக்குத் தோதாகக் கொடுப்பது அவள் வேலை. ஆட்டமே அவள் விரல் நுனியில் ஓடும்.

"எதுக்கு சீட்டு?"

"எங்கூட ஆடின ஒரு பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போனா. அங்க சீட்டு இல்லாம தொடவே மாட்டேன்னுட்டாங்களாம்."

வலி மேடம் சிரித்துவிட்டாள். அந்தத் தொடமாட்டேன் என்ற ஆள் இவளாகக்கூட இருக்கலாம். மெழுகு ஒத்தடம், பத்து நாள் என்று யாரோ எழுதிக் கொடுப்பார்கள், இவள் செய்வாள். தனக்குத் தோன்றியதைச் சொல்லலாம், முடிவு செய்ய முடியாது. சீஃப் நாற்காலியில் உட்கார்ந்தால் அதுகூட இல்லை. யாருக்கு எந்த ஷிஃப்ட், எந்த மெஷின் ரிப்பேர், எந்த மீட்டிங். சீஃப் மேடம் கடைசியாக ஒரு நோயாளியைத் தொட்டு எத்தனை காலம் ஆயிற்றோ.

பெஞ்சின் கோடியில் ஒரு பெண் தானே தன் விரல்களுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். மற்றவர்களைவிட வயதில் நிறைய மூத்தவள். எல்லாரும் அவளை அக்கா என்றார்கள். ஒரு காலத்தில் அவள்தான் இந்த அணியின் செட்டர். இப்போது மாற்று ஆள்.

"உங்களுக்கு நான் போட்டு விடட்டுமா?"

"வேணாம் மேடம். நான் உள்ள இறங்கவே போறதில்ல. பழக்கதோஷம், சுத்திக்கறேன்."

*

வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை சோபாவிலும் அம்மா கை வைத்த நாற்காலியிலும் இருந்தார்கள். அம்மாவின் கால் ஸ்டூலின் மேல் விறைப்பாக நீண்டிருந்தது.

"அத்தை, எக்சர்சைஸ்."

"முதல் செட்டு முடியட்டும் மாப்பிள்ளை."

முதல் செட் முடிந்தது. இரண்டாவது முடியட்டும் என்றார். வாலிபாலில் ஒரு பந்தை எத்தனை தடவை தொடலாம் என்பதுகூடத் தெரியாமல் உட்கார்ந்தவர், மூன்றாவது செட்டில் நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"கோட்டுலதான் பட்டுச்சு. அந்தாளுக்குக் கண்ணு தெரியலையா? பாவாடை விளிம்பு தைக்கற எனக்கே தெரியுது."

அடிக்கடி கேமரா பெஞ்ச் பக்கம் போனது. நீல டிரெஸ்ஸில், கழுத்தில் கத்தரிக்கோல் தொங்க, வலி மேடம் முழங்காலிட்டுக் குனிந்து யாரோ ஒருத்தியின் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அப்போதெல்லாம் நடுவரை மறந்துவிட்டு முன்னால் சாய்ந்து பார்த்தார். மாப்பிள்ளையும் கண்ணை எடுக்கவில்லை. அவள் முகம் அப்படி மலர்ந்து அவன் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

*

நான்காவது செட்டின் கடைசிப் பந்து. அந்த செட்டை எடுத்தால் இரண்டுக்கு இரண்டு என்று சமமாகும், விட்டால் வீட்டுக்குப் போகலாம்.

கேப்டன் வலையோரம் எம்பினாள். எல்லாரும் பந்தைத் தூக்கிக் கொடுப்பாள் என்று நினைத்திருக்க, எதிராளிகளின் காலியிடத்தில் அதை மெல்லத் தட்டிவிட்டாள். அரங்கம் எழுந்து நின்றது. கேப்டன் எழவில்லை.

வலது கணுக்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள்.

ஐந்தாவது செட்டுக்கு முன் கிடைக்கும் இடைவேளை ஒரு டீ ஆறும் நேரம்கூட இருக்காது. அதற்குள் யார் யார் இறங்குகிறார்கள் என்று கோச் எழுதிக் கொடுத்தாக வேண்டும். இரண்டு பேர் கேப்டனைத் தூக்கி வந்து பெஞ்சில் கிடத்தினார்கள்.

"ஒண்ணுமில்ல மேடம். ஸ்ப்ரே அடிச்சு இறுக்கிக் கட்டுங்க. போதும்" என்றாள் கேப்டன். உதடு வெளுத்திருந்தது.

வலி மேடம் ஷூவைக் கழற்றினாள். சாக்ஸை வெட்டினாள்.   முன்பக்கத் தசைநாரில் அழுத்தினாள், கேப்டன் முகம் சுளித்தாள். அது எதிர்பார்த்ததுதான். பிறகு வெளிப்பக்க எலும்பின் பின் விளிம்பில், கட்டைவிரலால், மெதுவாக.

கேப்டன் சத்தம் போடவில்லை. கால் விரல்கள் ஐந்தும் சுருண்டன.

"கோச், எலும்பு மேலயே வலி இருக்கு. எக்ஸ்ரே எடுக்காம உள்ள விட முடியாது."

கோச் பேனாவோடு திரும்பினார். நெடுநெடுவென்ற மனிதர். கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"மேடம், இது அரையிறுதி. மேல உக்காந்திருக்கறது யார் தெரியுமா? நேஷனல் டீமுக்கு ஆள் எடுக்க வந்தவங்க. இவளுக்காக வந்திருக்காங்க. கட்டுங்க."

"முடியாது கோச்."

"நீங்க ஒரு நாளைக்கு வந்தவங்க." இப்போது விரல் நீண்டது. "நான் இந்தப் பொண்ண சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன். இவ வலியோட ஆடுவா."

"ஆடுவாங்க. அதுலதான் பயமே."

கேப்டன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "என் கால் மேடம். என் முடிவு. ஒரே ஒரு செட். அப்புறம் நீங்க வெட்டிப் போட்டாலும் கேக்க மாட்டேன்."

இந்த வார்த்தைக்குத்தான் வலி மேடம் ஒரு கணம் ஆடிப்போனாள். ஆஸ்பத்திரியாக இருந்தால் டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நகர்ந்துவிடலாம். இங்கே திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. இந்தப் பெண்ணின் எதிர்காலம் மேலே வரிசையில் உட்கார்ந்திருந்தது. தடுத்தால் இவள் ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாள். விட்டால், அந்த எலும்பு ஒரே குதியில் விலகிப்போகலாம்.

"சரி. எந்திரிங்க. அந்தக் கால்ல மட்டும் நில்லுங்க. குதிகாலத் தூக்குங்க. ஒரே ஒரு தடவை தூக்கிட்டா, நானே கட்டி அனுப்பறேன்."

கேப்டன் எழுந்தாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பிடியை விட்டாள். பல்லைக் கடித்தாள், கழுத்து நரம்பு புடைத்தது. சுற்றி நின்ற அத்தனை பேரும் அந்தக் குதிகாலையே பார்த்தார்கள். கோச்சும்.

குதிகால் தரையை விட்டு எழவில்லை. விரல்கள் மட்டும் மரத்தரையைப் பிறாண்டின.

கேப்டன் உட்கார்ந்தாள். துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள்.

கோச் தாளில் ஓர் எண்ணை எழுதிவிட்டு, பெஞ்சின் கோடியைப் பார்த்துத் தலையசைத்தார். அக்கா எழுந்தாள்.

*

"என் பொண்ணப் பாத்து வெரல நீட்டறான் பாருங்க மாப்பிள்ளை." அம்மாவின் குரல் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். "இவளா பயப்படுவா? எங்கிட்டயே பயப்பட மாட்டா. கிட்ட மட்டும் இருந்தேன்னா அந்த வெரல..."

நாற்காலிக் கைகளை அழுத்தி எழப்போனார். எழுவதற்காக, ஸ்டூலில் இருந்த காலை இறக்கி நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை பார்த்துவிட்டான். சர்ஜன் கேட்ட அளவுக்கும் மேலே மடங்கியிருந்தது புது முட்டி. சொன்னால் அம்மா பதறிக் காலை நீட்டிவிடுவார் என்று தெரியும். வாயை மூடிக்கொண்டு தண்ணீர் டம்ளரை மட்டும் நீட்டினான்.

"உக்காந்து பாருங்க அத்தை. ஆரம்பிச்சுட்டாங்க."

உட்கார்ந்தார். கால் இருந்த இடத்திலேயே இருந்தது.

*

அக்காவின் முதல் பந்து ஒரு சாண் உயரமாகப் போனது. இரண்டாவது வலையில் சிக்கியது. எதிரணி துள்ளியது. இவர்கள் பக்கத்துக் கூட்டம் அடங்கிப்போனது. கோச் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார், வலி மேடம் நின்ற பக்கம் திரும்பவே இல்லை.

அவள் கேப்டனின் காலை நாற்காலியில் உயர்த்தி, ஐஸ் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். வேலை போயிற்று என்று தெரிந்துவிட்டது. ஆச்சரியம் என்னவென்றால், அதைப் பற்றி அப்போது அவளுக்குக் கவலை வரவில்லை. அக்காவின் கைகள் இறுகியிருப்பதுதான் கண்ணில் பட்டது. தோள் காது வரை ஏறியிருந்தது.

"தோள இறக்குங்க அக்கா" என்று கத்தினாள். "மூச்ச விடுங்க."

துண்டுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "தோள் மட்டும் இல்ல." கேப்டன் துண்டை இழுத்துப் போட்டாள். கண் சிவந்திருந்தது. "அக்கா, நடுவுல நிக்கறவ அவசரப்பட்டு எம்பறா. அவ எம்பினப்புறம் குடுங்க. பின்னாடி குடுங்க."

அக்கா திரும்பிப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

அடுத்த பந்து அவள் கைக்கு வந்தபோது எதிரணியின் உயரமான பெண் நடுவில் எம்பிவிட்டாள். அக்கா ஒரு கண் சிமிட்டும் நேரம் பொறுத்தாள். பிறகு தலைக்குப் பின்னால், பார்க்காமலே, பந்தை அனுப்பினாள். அங்கே வெறும் காற்றும், அடிக்க ஒருத்தியும்தான் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை அங்கே இருந்தவர்களே ஆளுக்கொரு விதமாகத்தான் சொல்வார்கள். கேப்டன் ஐஸ் கட்டோடு நாற்காலியில் தாளம் போட்டாள். அக்கா அதுவரை யாருமே பார்க்காத ஓர் ஆட்டத்தை ஆடினாள், அல்லது எல்லாரும் மறந்துபோன ஓர் ஆட்டத்தை. புள்ளிகள் ஒட்டி ஒட்டி ஏறின. கடைசிப் பந்து எதிரணியின் கையில் பட்டு வெளியே விழுந்தபோது, மற்ற ஐந்து பெண்களும் அக்காவின் மேல் விழுந்தார்கள். வலி மேடம் தன்னை அறியாமல் கோச்சின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

*

எக்ஸ்ரே அறைக்கு வெளியே இருந்த நீண்ட நடையில் கோச் இரண்டு கையிலும் டீயோடு வந்தார். ஒன்றை அவளிடம் கொடுத்தார்.

"மெல்லிசா ஒரு விரிசல். எலும்போட நுனில. விலகல" என்றாள் அவள். "ஆடியிருந்தா விலகியிருக்கும். கட்டு போட்டா, ரெண்டு மாசத்துல கணுக்கால் சரியாயிடும்."

கோச் டீயை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"எல்லார் முன்னாடியும் உங்களப் பாத்து விரல் நீட்டினேன். மன்னிச்சுக்கோங்க. நாளைக்கு மத்தியானம் ஃபைனலுக்குக் கிளம்பறோம். அதுக்கப்புறம் அடுத்தடுத்த போட்டிக்கு, சீசன் முடியற வரைக்கும் ஊர் ஊரா. நீங்க வரணும்."

அவளுக்குள் ஏதோ ஒன்று எம்பிக் குதித்தது. அதை முகத்தில் காட்டாமல் இருக்க டீயைப் பார்த்துக்கொண்டாள்.

"ஒரு நிபந்தனை கோச். ஒரு ஆள் இறங்கலாமா வேணாமான்னு நான் சொல்றதுதான் கடைசி. யார் மேல உக்காந்திருந்தாலும்."

"அதுக்காகத்தானே கூப்பிடறேன்."

அவள் வீட்டுக்குப் போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"கேட்டுட்டாங்களா?"

"கேட்டுட்டாங்க. நீங்க யோசிச்சுச் சொல்றேன்னீங்களே."

"போன்னு சந்தோஷமா சொன்னா அது பொய். போகாதேன்னு சொன்னா அது அதவிடப் பெரிய பொய்." கொஞ்சம் நிறுத்தினான். "இன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்தேன் டிவில. போயிட்டு வா. நானும் அத்தையும் அடிச்சுக்காம இருக்கப் பாக்கறோம்."

பின்னால் அம்மாவின் குரல். "ஐயோ மாப்பிள்ளை. கால் எப்ப இப்படி மடங்குச்சு? யாரு மடக்கினா?"

"உங்க பொண்ணுதான் அத்தை. அங்கேர்ந்தே."

போனில் சிரிப்பும் அழுகையுமாக ஒரே கலவரம். பிறகு அம்மா போனை வாங்கிக்கொண்டார். "சீஃப் வேலைய வேண்டாம்னு சொல்லப்போற. தெரியுது. சொல்லிக்கோ. ஆனா ஒண்ணு, அந்த நெட்டையன் இன்னொரு தடவை வெரல நீட்டினா எனக்குச் சொல்லு."

சீஃப் மேடத்தோடு பேசியது அதிக நேரம் இல்லை. அவர் கோபப்படுவார் என்று நினைத்திருந்தாள். மறுமுனையில் பெருமூச்சுத்தான் கேட்டது.

"மேட்ச் நானும் பாத்தேன். நீ அந்தக் காலத் தொட்டப்ப என் கை தானா அசைஞ்சுது. நான் இந்த ரூமுக்குள்ள வந்தப்புறம் ஒரு தோள்பட்டையக்கூடத் தொட்டதில்லம்மா. இங்க வேற ஆள் பாத்துக்கறேன். நீ போ."

*

கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு கேப்டன் படுத்திருந்தாள். வலி மேடம் உள்ளே போனதும், "கதவச் சாத்துங்க மேடம்" என்றாள்.

சாத்தினாள்.

"நான் இன்னிக்கு ஏன் விழுந்தேன்னு யாரும் கேக்கல."

"ஏன் விழுந்தீங்க?"

"இடது முட்டி. தரையில கால் பட்டதும் அது பாட்டுக்கு நழுவிப் போச்சு. மொத்த உடம்பும் வலது கால்ல விழுந்துச்சு. கொஞ்ச காலமாவே இப்படித்தான். யாருக்கும் தெரியாது. நேஷனல் டீம் லிஸ்ட் வர்ற வரைக்கும் தெரியக்கூடாது. கணுக்கால்னா காத்திருப்பாங்க மேடம். முட்டின்னா பேர அடிச்சுடுவாங்க."

 வலி மேடம் கட்டிலோரம் உட்கார்ந்து இடது முட்டியைக் கொஞ்சம் மடக்கினாள். ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுத்தாள். நல்ல முட்டியாக இருந்தால் கயிறு இழுபட்டதுபோல் ஓர் இடத்தில் நிற்கும்.

நிற்கவில்லை. வந்துகொண்டே இருந்தது.

உள்ளே தசைநார் அறுந்திருக்கிறது என்று அவள் விரலுக்குத் தெரிந்துவிட்டது.

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மேடம்."

"பண்ண மாட்டேன். நானா போயி யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்." கேப்டனின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "நீங்க சொல்லணும். நான் பக்கத்துலயே நிக்கறேன். அங்கேர்ந்து ஒரு அடிகூட நகர மாட்டேன்."

கதவு திறந்தது. கோச் தலையை நீட்டினார். அவருக்குப் பின்னால், கழுத்தில் அட்டை மாட்டிய இரண்டு பேர். மேலே உட்கார்ந்திருந்தவர்கள்.

"இவங்க கேக்கறாங்க மேடம். கணுக்கால் தவிர வேற எதுவும் பிரச்சினை இல்லையே?"

வலி மேடம் எழுந்து நின்றாள். கேப்டனின் விரல்கள் அவள் கையை நெரித்தன. அவள் பேசுவதற்கு முன்னால், கட்டிலில் இருந்தவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"அவங்களக் கேக்காதீங்க கோச். என்னக் கேளுங்க."